கச்சான் வீசுற மாசம் அப்புத்தளையில மூணு ராத்திரி: நிண்ட வீட்டைப் பத்தியும் ஏன் போகோணும் எண்டதப் பத்தியும்

ஓகஸ்ட் மாசம் திருகோணமலையில இருந்து பாத்தவங்களுக்கு நான் விளக்கத் தேவையில்ல, காலம ஒன்பது மணிக்கே கச்சான் காத்து தொடங்கிரும், வெயில் ஒரு பக்கம் அந்தக் காத்து ஒரு பக்கம், கொடியில போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்துல மொறுமொறு எண்டு நிக்கும், ஃபேனப் போட்டா அந்தச் சூடுதான் திரும்பத் திரும்ப முகத்துல அடிக்கும். அதே நேரத்துல உப்புவெளி நிலாவெளிப் பக்கம் போய்ப் பாருங்க, ஒரு ரூம் எடுக்க ஏலாது, வெள்ளைக்காரங்களும் கொழும்பு ஆக்களும் நிறைஞ்சிருப்பாங்க, ஏனெண்டா மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் எங்கட கடல் குளம் மாதிரிக் கிடக்கும். எல்லாரும் எங்கட ஊருக்கு வாற நேரம் நாங்க எங்க போறது எண்டு ஒவ்வொரு வருஷமும் வீட்டுல கதை நடக்கும், கதையோட முடிஞ்சிரும். 2024 ஓகஸ்ட் லீவுக்குத்தான் ஒரு முடிவெடுத்து அப்புத்தளைக்குப் போனம். நானும் இவரும், ரெண்டு பிள்ளைகளும், மாமியும். மூணு ராத்திரியும் ஒரே வீட்டுலதான்.

எங்கட ஆக்களுக்கு மலைநாடு எண்டா நுவரெலியாதான். நாங்களும் முந்தி ஒருக்கா ஏப்ரல் மாசம் போனம், ஏப்ரல்தான் அங்க சீசன், டவுனுக்குள்ள வேன் நகரவே இல்ல, வாவிக்கரையில பிள்ளைகள் குதிரை பாத்ததும் ஹக்கலை பூங்காவும் தவிர எனக்கு ஒண்டும் மனசுல நிக்கேல்ல. இந்த முறை இவர்தான் சொன்னவர், ஓகஸ்ட்ல தென்மேற்கு மழை அந்தப் பக்கத்து மலையிலதான் கொட்டும், ஊவா மாகாணப் பக்கம் காஞ்சிருக்கும், நாங்க பதுளை மாவட்டத்துக்குப் போவம் எண்டு. எல்ல எண்ட ஊர்ப் பக்கம் இப்ப சரியான சனம், விலையும் கூட, அதால அப்புத்தளை. நல்ல முடிவு.

போற வழிய முதல்ல சொல்றன், ஏனெண்டா கனபேர் கந்தளாய், ஹபரணை, கண்டி எண்டு சுத்தித்தான் போறாங்க. நாங்க அப்பிடிப் போகேல்ல. கிண்ணியாப் பாலம், கங்கைப் பாலம், மூதூர், வெருகல், வாகரை, வாழைச்சேனை, பிறகு செங்கலடியில உள்ளுக்குத் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, பண்டாரவளை. விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு நிண்டு நிண்டு போய் பின்னேரம் ரெண்டு மணிக்கு வீட்டு வாசல்ல. மகாஓயாவுலயும் எங்கட கன்னியா மாதிரி வெந்நீர் ஊத்து இருக்கு, ஆனா வேனுக்குள்ளயே அவிஞ்சுகொண்டு இருந்த எங்களுக்கு அந்த நேரம் வெந்நீர் ஆர் கேட்டது, நிக்காமப் போயிட்டம். பிபிலை மட்டும் ஒரே தட்டை, அதே காத்து, அதே சூடு. லுணுகலை ஏறத் தொடங்க மாமி யன்னலத் திறந்தா, அதுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி வாற மட்டும் ஏசிய நாங்க போடவே இல்ல. பசறைப் பக்கம் வளைவு கூட, வயித்தப் பிரட்டுறவங்க தேசிக்காய் கையில வச்சிருங்க, சின்னவள் ஒருக்கா சத்தி எடுத்திட்டாள்.

இனி வீடு. அப்புத்தளை டவுன்ல இருந்து ஓட்டோவுல பத்து நிமிஷம், ஒரு தமிழ்க் குடும்பம் தங்கட வீட்டு மேல்மாடியில மூணு ரூம் கட்டி வாடகைக்கு விடுறாங்க. போர்டுகூட ஒழுங்கா இல்ல, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர் சொல்லித்தான் நம்பர் கிடைச்சது. குடும்ப ரூம் ஒண்டு, காலமச் சாப்பாட்டோட ஒரு ராத்திரிக்கு 9000 எடுத்தாங்க, அஞ்சு பேருக்கு. நிலாவெளியில ஓகஸ்ட்ல இந்தக் காசுக்கு ரெண்டு பேருக்கே ரூம் தேடோணும். கட்டில் மூணு, கம்பளி ஆளுக்கு ரெண்டு, யன்னலத் திறந்தா கீழ முழுக்கத் தேயிலை, அதுக்கும் கீழ மேகம். நான் கடல் பாத்து வளந்த ஆள், ஓர்ஸ் ஹில்ல இருந்து பாத்தா ரெண்டு பக்கமும் தண்ணி தெரியும், எனக்குத் தூரம் எண்டா கடல்தான். அந்த யன்னலால பாத்த தூரம் வேற மாதிரி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மலை, பின்னால போகப் போக நிறம் குறைஞ்சு குறைஞ்சு கடைசியில எது மலை எது வானம் எண்டு தெரியாது.

ஃபேன் இல்ல. மாமி முதல் கேட்டது அதத்தான், ஃபேன் இல்லாம எப்பிடிப் பிள்ளை படுக்கிறது எண்டு. ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு கம்பளியும் போத்தி, சொக்ஸும் போட்டுக்கொண்டு படுத்தா. மகன் ஓ.எல் படிக்கிறான், அவன் கணக்குச் சொன்னான், 100 மீற்றர் மேல ஏறக் கிட்டத்தட்ட 0.65 பாகை வெப்பம் குறையுமாம், அப்புத்தளை கடல் மட்டத்துல இருந்து 1400 மீற்றருக்கு மேல, அப்ப எங்கட ஊர விட ஒன்பது பாகை குறைவு. அதோட எங்களுக்குக் கச்சான் வேற.

அந்த ராத்திரிதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கினது. ஒரு பத்து மணி இருக்கும், காத்து எழும்பிச்சுது, தகரம் எல்லாம் தடதட எண்டு அடிக்குது, பிள்ளைகள் பயந்து எங்கட கட்டிலுக்கு வந்துட்டாங்க. காலம வீட்டுக்கார அக்காட்டக் கேட்டா அவ சாதாரணமாச் சொல்றா, "இது ஆடி மாசத்துக் காத்துங்க, இந்த ஊரே காத்து ஊருதான், கூரைக்கெல்லாம் கல்லு வச்சிருக்கோம் பாருங்க" எண்டு. தென்மேற்கில இருந்து வாற அதே காத்துதான். அந்தப் பக்கத்து மலையில ஏறுற நேரம் ஈரத்தை எல்லாம் மழையாக் கொட்டிட்டு, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குது, ஈரமில்லாத காத்து இறங்க இறங்கச் சூடாகும், 100 மீற்றருக்கு ஒரு பாகை. அது சமவெளியால வந்து எங்கட வாசலுக்கு வந்து சேரக்குள்ள பேர் கச்சான். பிறந்த நாள்ல இருந்து நான் திட்டிக்கொண்டு இருக்கிற காத்த, அது இன்னும் குளிராக் கிடக்கிற இடத்துல நிண்டு பாத்தன். ஏன் மலைக்குப் போகோணும் எண்டு எங்கட ஊர் ஆக்கள் ஆரும் கேட்டா நான் முதல் சொல்லுறது இதத்தான்.

அந்தக் காத்தாலதான் ஊவாத் தேயிலைக்கு அந்த ருசியும். ஜூலை தொடங்கி செப்டெம்பர் மட்டும் காஞ்ச காத்து அடிக்க அடிக்கக் கொழுந்து இறுகி, தண்ணி குறைஞ்சு, ஒரு தனி வாசம் வரும், தொண்டையில லேசாக் குளிர்ற மாதிரி. உலகத்துல இருந்து தேயிலை வாங்குறவங்க ஊவாவுல இந்த மூணு மாசத்துக்காகத்தான் காத்திருப்பாங்க எண்டு ஃபக்டரியில சொன்னாங்க. வீட்டுக்கார அக்கா போட்ட பிளேன் டீயக் குடிச்ச பிறகுதான் நாங்க இவ்வளவு நாளும் வீட்டுல தேயிலை எண்டு தூளைக் குடிச்சிருக்கிறம் எண்டு தெரிஞ்சது. சீனி போடாம, ஒரு துண்டு கருப்பட்டி கையில.

சாப்பாட்டுக்குப் பத்துக்கு ஒன்பது குடுப்பன். காலம தேங்காய் ரொட்டியும் இடிச்ச சம்பலும், ரொட்டி கொஞ்சம் மொத்தம், விறகு அடுப்புல சுட்டது, அந்தப் புகை வாசத்தோட சுடச்சுட வரும். மத்தியானம் சோறு, லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட், உருளைக்கிழங்கு, எல்லாம் பக்கத்துத் தோட்டத்து மரக்கறி, எங்கட சந்தைக்கு வரக்குள்ள வாடிப்போற லீக்ஸ அங்க பச்சையா உடைச்சுப் பாத்தா தண்ணி தெறிக்குது. மீன் மட்டும் எங்களுக்கு வாயில வைக்க ஏலாது, ஐஸ்ல வந்த மீன், அதுக்கு அவங்கள ஒண்டும் சொல்ல ஏலாது, கடல்ல இருந்து அவ்வளவு தூரம். ரெண்டாம் நாள் நான் குசினிக்குள்ள போய் கொண்டுபோன நெத்தலிக் கருவாட்டுல ஒரு குழம்பு வச்சுக் குடுத்தன், அக்காட அம்மா, நாங்களும் பாட்டி எண்டுதான் கூப்பிட்டம், ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டா. போறவங்க கட்டாயம் கொஞ்சம் கருவாடு கொண்டு போங்க, அத விட நல்ல சாமான் ஒண்டும் அங்க குடுக்க ஏலாது.

குறையும் சொல்லோணும். ரோட்டுல இருந்து வீட்டுக்கு 58 படி, மகன் எண்ணினவன், கைபிடி இல்ல, மாமிக்கு முழங்கால் வருத்தம், ஒவ்வொரு முறையும் இவர் ஒரு பக்கம் மகன் ஒரு பக்கம் பிடிச்சுத்தான் இறக்கினாங்க, மழை பெஞ்சா அந்தப் படியில வயசானவங்க இறங்கவே கூடாது. ஃபோன்ல கேட்டக்குள்ள படி இருக்கு எண்டு சொன்னாங்க, இவ்வளவு இருக்கு எண்டு சொல்லேல்ல, அதுதான் எனக்குக் கவலை. சுடுதண்ணி ஒரு பாத்ரூம்ல மட்டும்தான், மூணு ரூம் ஆக்களும் காலம ஆறு மணிக்கு அதுக்குத்தான் நிப்பாங்க. கம்பளியில ஒரு பூஞ்சண வாசம் இருந்தது, சொன்ன உடன மாத்தித் தந்தாங்க. ராத்திரிச் சாப்பாடு ஒரு நாள் ஒன்பதரைக்குத்தான் வந்தது, சின்னவள் அதுக்குள்ள நித்திரை. இதெல்லாம் நேர சொல்லிட்டுத்தான் வந்தன்.

லிப்டன் சீட்டுக்கு விடிய நாலரைக்கு எழும்பிப் போகோணும். எட்டு ஒன்பது மணிக்குப் போய் நிண்டா வெள்ளைப் பனிதான், வேற ஒண்டும் தெரியாது, ஒன்பது மணிக்கு ஏறி வந்த ஒரு குடும்பம் பாவம் பனிக்குள்ள நிண்டு படம் எடுத்துட்டுத் திரும்பிப் போச்சுது. தம்பேதென்ன ஃபக்டரி தாண்டி ஒரு 7 கிலோமீற்றர் தோட்டத்துக்குள்ளால, ஓட்டோவுல போனம், ரோட்டு சின்னன், ஆனா ஓட்டோ தம்பி பிறந்ததே அந்தத் தோட்டத்துல, கண்ணக் கட்டிட்டும் ஓட்டுவான் எண்டு நினைக்கிறன். மேல கிட்டத்தட்ட 1970 மீற்றர். தோமஸ் லிப்டன் 1890ல இந்தத் தோட்டங்கள வாங்கி அந்த ஃபக்டரியையும் கட்டினவர், அவர் இருந்து பாத்த இடம் எண்டு அவருக்கு அங்க ஒரு சிலை, கையில கோப்பையோட இருக்கு. சூரியன் வரக்குள்ள கீழ இருக்கிற குளங்கள் ஒவ்வொண்டா மினுங்கத் தொடங்கும், பிள்ளைகள் கதைக்காம இருந்தாங்க, எங்கட வீட்டுல அது பெரிய விஷயம்.

ஆனா எனக்கு லிப்டன் சீட்டை விட அதால இறங்கி வந்ததுதான் மனசுல நிக்குது. ஓட்டோவ விட்டுட்டு நாங்க நாலு பேரும் நடந்து வந்தம், மாமி மட்டும் ஓட்டோவுல முன்னால போனா. ஏழு மணிக்குப் பிரட்டு, அதாவது ஆள் கூப்பிட்டு வேலை பிரிச்சுக் குடுக்கிறது, முடிஞ்சு அம்மாமார் மலைக்கு ஏறுறாங்க, கூடை தலையில, இடுப்புல சாக்கு, சில பேர் செருப்பும் இல்ல. தமிழ்ல வணக்கம் சொன்ன உடன நிண்டு கதைச்சாங்க. எந்த ஊரு எண்டு கேட்டாங்க, திருகோணமலை எண்டதும் ஒரு அம்மா, "கோணேசர் கோயிலுக்கு ஒரு தடவ வந்திருக்கேன் தங்கச்சி, மானெல்லாம் ரோட்டுலயே நிக்குமே" எண்டு சொல்லிச் சிரிச்சா. ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தாத்தான் அவக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்களாம். வெயில் மாசத்துல கொழுந்து குறைவு, வாசம் கூடுற அதே மாசத்துலதான் அவங்களுக்கு எடை நிக்காது. நான் அத அதுக்கு முதல் ஒருநாளும் யோசிச்சுப் பாத்ததே இல்ல, தேத்தண்ணி நல்லாருக்கு எண்டு குடிக்கிறதோட சரி. நாளுக்கு ஆயிரம் ரூபாச் சம்பளம் எண்டு வருஷக்கணக்காக் கேட்டு 2021லதான் அது கிடைச்சது.

நாங்க ஒரே மொழி பேசுறம், ஆனா அவங்கட வாழ்க்கையப் பத்தி எங்கட பிள்ளைகளுக்கு ஒண்டும் தெரியாது. லயம் எண்டா தோட்டத்து ஆக்கள் இருக்கிற வரிசை வீடு எண்டு என்ர மகனுக்குத் தெரியாது, பாடப் புத்தகத்துல தேயிலை ஏற்றுமதி எண்டு ஒரு வரி படிச்சிருக்கிறான், அவ்வளவுதான். கடல் கடந்து வந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியா நடந்தே மலைக்குப் போய்ச் சேந்த ஆக்களட பிள்ளைகள் அவங்க, வழியில செத்தவங்க எத்தனையோ. பாட்டி ராத்திரி அடுப்படியில இருந்து மகனுக்குக் கதை சொன்னா, அவட அம்மாட அம்மா வந்த கதை. 2014 ஒக்டோபர் 29ம் திகதி மீரியபெத்தையில மண் சரிஞ்சதும் சொன்னா, அது அங்க இருந்து கிட்டத்தான், கொஸ்லந்தப் பக்கம், காலம பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்துல லயம் முழுக்க மண்ணுக்குள்ள போனது. அவவுக்குத் தெரிஞ்ச ஆக்களும் அதுல. மகன் ஃபோனக் கீழ வச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மலைநாட்டுக்கு லீவுல போறவங்க ஹொட்டல்ல நிக்காம இப்பிடி ஒரு தமிழ் வீட்டுல நில்லுங்க எண்டு நான் சொல்றது இதுக்காகத்தான், அந்த அடுப்படி எந்த ஹொட்டல்லயும் கிடையாது.

அடிசம் பங்களாவும் போனம், 1931ல கட்டின கல்லு வீடு, இப்ப பெனடிக்ட் சபைத் துறவிமாரட மடம், சனி ஞாயிறும் போயா எண்ட பௌர்ணமி நாளும் லீவு நாளும்தான் பாக்க விடுவாங்க, ஜாம் வாங்கலாம், கொய்யா ஜாம் நல்லம். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகேல்ல, மாமியால நடக்க ஏலாது.

மூணாம் நாள் ட்ரெயின். எல்லாரும் எல்லப் பக்கம்தான் போவாங்க, ஒன்பது வளைவுப் பாலம் பாக்க, நாங்க மற்றப் பக்கம், அப்புத்தளையில இருந்து இதல்கஸ்ஹின்ன, அடுத்த ஸ்டேஷன்தான். மூணாம் வகுப்பு டிக்கெட், சின்னக் காசு, இருக்க இடமும் கிடைச்சது. இறங்கினா ஸ்டேஷன்ல எங்களத் தவிர ஆக்களே இல்ல. ஸ்டேஷன் ஒரு முகட்டுல இருக்கு, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம். திரும்பிப் போற ட்ரெயினுக்கு மூணு மணித்தியாலம் இருந்தது, அக்கா வாழையிலையில கட்டித் தந்த ரொட்டியச் சாப்பிட்டுக்கொண்டு வாங்குல இருந்தம், பனி ஒரு பக்கத்தால ஏறி வரும், எங்களத் தாண்டி மற்றப் பக்கம் இறங்கும், சின்னவள் கைய நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். இவர் பிள்ளைகளுக்குக் காட்டினார், தெற்குப் பக்கம் விழுற மழை வளவை கங்கைக்குப் போய் அம்பாந்தோட்டைப் பக்கம் கடலுக்குப் போகும், வடக்குப் பக்கம் விழுறது உமா ஓயாவால மகாவலியில சேந்து 335 கிலோமீற்றர் ஆத்தோட எங்கட கொட்டியாரக்குடாவுக்கு வரும். மகன் தன்ர போத்தல்ல மிச்சம் இருந்த தண்ணிய வடக்குப் பக்கம் ஊத்தினான். நாங்க ஒருத்தரும் சொல்லேல்ல, தானா.

போற ஆக்களுக்கு நாலு விஷயம். ஒரே இடத்துல மூணு ராத்திரியாவது நில்லுங்க, ஒரு நாளைக்கு ஒரு ஊர் எண்டு வேனுக்குள்ளயே இருந்தா நுவரெலியாவுல எங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். ஓகஸ்ட் எண்டாலும் சுவெட்டரும் சொக்ஸும் வேணும், அப்புத்தளைக் காத்து எலும்புக்குள்ள போகும். வீட்டைப் பதியக்குள்ள எத்தனை படி, பாத்ரூம்ல சுடுதண்ணி இருக்கா எண்டு கேட்டு, படமும் அனுப்பச் சொல்லுங்க. ஒக்டோபர் நவம்பர்ல போக யோசிக்கிறவங்க கொஞ்சம் பொறுங்க, அந்த நேரம் அந்தச் சரிவெல்லாம் மழையில ஊறிப்போய் இருக்கும். தேயிலை ஃபக்டரியிலேயே வாங்குங்க, நான் வாங்கின ஒரு கிலோ தீபாவளிக்கு முதலே முடிஞ்சுது.

வரக்குள்ள மகாவலிக்கு மேல இருக்கிற கங்கைப் பாலத்துல வேன நிப்பாட்டச் சொல்லி மகன்தான் கேட்டவன். பின்னேரம் அஞ்சு மணி, கச்சான் இன்னும் அடங்கேல்ல, முகத்துல சூடா அடிக்குது. ஆத்தைப் பாத்துக்கொண்டு ஒரு பத்து நிமிஷம் நிண்டம்.

அக்கா இப்பவும் மாமிக்கு ஃபோன் எடுப்பா, முழங்காலுக்கு என்ன எண்ணெய் பூசுறீங்க எண்டு கேப்பா. போன மாசம் வாட்ஸ்அப்புல ஒரு படம் அனுப்பியிருந்தா, படிக்கு இரும்புக் கைபிடி போட்டிருக்கு, மேல இருந்து கீழ மட்டும், நீலப் பெயின்ட் இன்னும் காயேல்ல. மாமி அந்தப் படத்தப் பக்கத்து வீட்டு ஆக்களுக்கெல்லாம் காட்டிட்டா. அடுத்த ஓகஸ்டுக்கு அதே ரூமச் சொல்லி வச்சாச்சு.